உன் கடைசி அத்தியாயத்தை மாற்றியது நான்தான், பாப்பா

என் செல்லப் பாப்பாவுக்கு,

இருபத்தாறு வயதுப் பெண்ணைப் போய்ப் பாப்பா என்று கூப்பிடுகிறாயே என்று எத்தனை முறை சண்டை போட்டாய்! எனக்கு இனிமேல் வேறு பெயருக்கு வாய் பழகாது. பொறுத்துக்கொள்.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. மனு அடிக்கிற நம் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது, உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. காலையில் பட்டா மாற்ற ஒருவர் வருகிறார், மதியம் முதியோர் பென்ஷனுக்கு ஒருவர். நடுவில் ஆதார் ஜெராக்ஸ். கழுத்து விட்டுப்போகிறது. கரண்ட் போனால்தான் நிமிர்ந்து உட்காருகிறேன். அலுப்பாக இருக்கிறது என்றால் "தூங்கி எந்திரிண்ணா, சரியாப்பூடும்" என்பாய். தூங்கித்தான் எழுகிறேன். எழும்போதே அலுப்பாக இருக்கிறது.

உன் சிறுவர் நாவல் அச்சுக்குப் போகிறது. சென்னைப் பதிப்பகத்திலிருந்து பிழை பார்க்கச் சொல்லிப் பக்கங்களை அனுப்பியிருக்கிறார்கள். அட்டையில் உன் பெயர் பெரிதாகத்தான் இருக்கிறது. இதற்கு நான் குதித்திருக்க வேண்டும் இல்லையா? வந்து நாலு நாள் வரை அந்தக் கட்டைப் பிரிக்கவே இல்லை.

உன் கதையை உனக்கே சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

பெருநகரில் கோமதி என்று ஒரு பெண். பதினாறு வயது. செய்யாற்றில் வெள்ளம் வந்த அன்று அவள் தம்பி சீனு அதில் போய்விடுகிறான். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருகிற திருமுக்கூடலில், மணலுக்கு அடியில் நாலாவதாக ஒன்று ஓடுகிறது. அது இறந்தவர்களின் ஆறு. கிளை நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த கிரேக்கப் புராணக் கதைகளிலிருந்து அந்த ஆற்றை நீ நம் பக்கம் திருப்பிவிட்டாய். கோமதி அதற்குள் இறங்குகிறாள். படகுக்காரன் நெற்றிக்காசு கேட்கிறான். காவலுக்கு நிற்கும் மூன்று தலை நாய்க்கு அவள் இரண்டு பன்தான் வாங்கிப்போயிருக்கிறாள், மூன்றாவது தலை துரத்துகிறது. அதை டைப் அடிக்கும்போது நான் சிரித்த சிரிப்பில், மனு எழுத வந்தவர் தன்னைத்தான் கிண்டல் செய்கிறேன் என்று எழுந்தே போய்விட்டார். கடைசியில் பாதாள ராஜா மனம் இறங்குகிறான். ஆனால் ஒரு நிபந்தனை. அக்கா முன்னால் நடக்க வேண்டும், தம்பி பின்னால் வருவான், மேலே வந்து வெயில் படும்வரை அவள் திரும்பிப் பார்க்கவே கூடாது.

வாரத்துக்கு இரண்டு நாள் அம்மா உன்னைக் டயாலிசிஸுக்குக் காஞ்சிபுரம் கூட்டிப்போவாள். அந்த நாலு மணி நேரமும் படுத்த வாக்கில் நீ போனில் பேசிப் பேசி அனுப்புவாய். நான் கடையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடிப்பேன். முழு நாவலும் அப்படி வந்ததுதான்.

கடைசி அத்தியாயம் வந்த அன்றும் அப்படித்தான் உட்கார்ந்தேன். "கோமதி திரும்பினாள்" என்று உன் குரல் சொன்னதும் அடிப்பதை நிறுத்தினேன். ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டு உனக்குப் போன் செய்தேன்.

"இன்னாத்துக்கு அவ திரும்பணும்? பாக்காதன்னா பாக்காம வரவேண்டிதுதான? இம்மாந்தூரம் வந்துக்கினு, கடைசியில அவளுக்கு இன்னா பேஜாரு?"

"முழுசாக் கேட்டியாண்ணா?"

"கேட்டேன், கேட்டேன்."

"அப்ப சொன்னத அடி. உன் மனு மாதிரி ஆக்கிடாத."

உனக்குத் தெரியும் என் தொழில் புத்தி. "அந்த ஆபீசர் ஒரு திருடன்" என்று ஒருவர் சொன்னால், "ஐயா அவர்கள் கருணை கூர்ந்து" என்று அடிப்பவன் நான். சொன்னதைச் சொன்னபடி அடித்தால் மனு ஆபீசர் மேஜையைத் தாண்டாது. பதினைந்து வருடமாக ஊரார் வாயிலிருந்து வருவதை நல்லபடியாக மாற்றித்தான் பிழைக்கிறேன். அதையே உனக்கும் செய்தேன். நீ கட்டிலில் ஊசியோடு கிடக்கும்போது, கதையிலாவது ஒருவன் பிழைக்கட்டுமே என்று பயந்துபோய்ச் செய்தேன். கோமதி திரும்பவே இல்லை என்று நானே இரண்டு பக்கம் எழுதினேன். வெயில் பட்டது, சீனு தும்மினான், இரண்டு பேரும் பஸ் ஏறி வீட்டுக்குப் போனார்கள். அதைத்தான் பதிப்பகத்துக்கு அனுப்பினேன்.

"அடிச்சிட்டியா? படிச்சிக் காட்டேன்" என்று கேட்டாய். "எந்திரிச்சி வந்து நீயே படிச்சிக்கோ" என்றேன். பதினோராம் நாள் நீ போய்விட்டாய்.

சுடுகாட்டில் நடந்ததை யாரிடமும் சொன்னதில்லை. குடத்தை உடைத்து, முதுகைக் காட்டி நின்று கொள்ளி வைத்ததும் மாமா என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "திரும்பிப் பாக்காத. நேரா நட. அவ மனசு நம்ம பின்னாடி வரக் கூடாது." காலம் காலமாக எல்லாரும் அப்படித்தான் நடந்து வருகிறார்கள். எனக்குக் கால் நாலு அடிதான் போனது. திரும்பிவிட்டேன். மாமா பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள், "திரும்பாம ஒழுங்கா வந்தியா நைனா?" வந்தேன் என்று பொய் சொன்னேன். அன்றிலிருந்து, என்னால்தான் நீ நிம்மதியாகப் போக முடியாமல் நடுவழியில் நிற்கிறாயோ என்று ஒரு பயம். படித்தவன் இப்படி நினைக்கலாமா என்று சிரிக்காதே. நினைக்கிறேன்.

பதிப்பகத்து மேடம் வேறு வாரா வாரம் போன் செய்கிறார். "முடிவு பிரமாதம் சார். பசங்களுக்குத் தைரியம் கொடுக்குது." ஒவ்வொரு முறையும் "சரிங்க மேடம்" என்று போனை வைத்துவிடுவேன். என் இரண்டு பக்கம் உன் பெயரில் போய்விட்டால், உன் கதை என்னவென்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாமலே போய்விடுமே?

போன ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டா முடிந்ததும் அம்மா தானே கட்டைப் பிரித்து என் மடியில் வைத்தாள். "எம் பொண்ணு இன்னா எழுதிக்கீறான்னு படி, கேப்போம்." நாய் துரத்துகிற இடத்தில் அம்மா சிரித்தாள். நீ போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். முடிவையும் படித்தேன். சீனு வீடு வந்து சேர்ந்தான். அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"இது அவ எழுதினதா?"

"ஏம்மா?"

"கூடப் பொறந்தவ ஒரு தபா கூடவா திரும்பல? என்னால நம்ப முடியல நைனா. பின்னாடி வர்றானா இல்லையான்னு பாக்காம எவளால நடக்க முடியும்?"

அவ்வளவுதான், என்னால் அடக்க முடியவில்லை. கதையில் செய்ததைச் சொன்னேன், சுடுகாட்டில் செய்ததையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அம்மா என் முகத்தையே பார்த்தாள். "போன எடு. அவ சொன்னத அவ வாயால கேக்கறேன்."

நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம் பாப்பா. கோமதி திரும்பினாள். நான் பாவி, அந்த இடத்தோடு ஹெட்போனைக் கழற்றி வைத்தவன், அதற்குப் பிறகும் நீ பேசியிருக்கிறாய் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சீனு மங்கிக்கொண்டே சிரிக்கிறான். "நீ திரும்புவன்னு தெரியும்க்கா. திரும்பி வந்து பொழைக்கலாம்னு நான் வரல. உன் மூஞ்சிய ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னுதான் இவ்ளோ தூரம் பின்னாடியே வந்தேன்" என்கிறான். பிறகு உனக்கு இருமல் வந்தது. "அவ்ளோதாண்ணா, முடிஞ்சிது" என்றாய்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஏழு மாதத்தில் முதல் தடவையாக நன்றாக அழுதேன்.

மறுநாள் கடை திறந்ததும் நீ சொன்னதை எழுத்து மாறாமல் அடித்து அனுப்பிவிட்டேன். மேடம், "இது குழந்தைங்க படிக்கிறது சார், யோசிக்கணும்" என்றார். யோசிக்கட்டும். இந்த முடிவோடு போட்டால் போடட்டும். இல்லையென்றால் என் ஜெராக்ஸ் மெஷினிலேயே அடித்து, தைத்து, நானே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். உன் கோமதி திரும்பித்தான் பார்ப்பாள். இது சத்தியம்.

அன்றைக்கு நான் திரும்பியபோது புகைதான் தெரிந்தது, பாப்பா. உனக்கு என் முகம் தெரிந்ததா?

திரும்பிப் பார்த்த
உன் அண்ணன்