கொள்ளிடத்தை வரையப் போன நாள்

மச்சான், நேற்று பேத்தி தன் போனில் ஒரு ஓவியம் காட்டினாள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வரைந்ததாம். வானம் முட்டும் மலை, பொன்வெயில் படிந்த ஆறு, கீழே ஓரத்தில் எறும்பளவு ஒரு மனிதன். போனை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

அறுபதுகளில் அண்ணாமலை நகர் விடுதியில் நாம் ஒரே அறை. இப்படி வரைந்த ஓவியர்களைப் பற்றிய புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுத்து வந்து நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இவுங்க மலைய வரையல மச்சான், தொழுதிருக்காங்க."

ஐந்து வேளை தொழுகிற எனக்கு அது உறுத்தியது. "படைச்சவன வுட்டுட்டுப் படைப்பத் தொழுவாங்களா?"

"தன்ன எம்மாஞ் சின்னதா போட்டுக்கினாங்க பாரு. அதான் தொழுகை."

அந்த ஐப்பசியில் கொள்ளிடம் பெருகியது. இதுபோல ஒரு ஆற்றை வரைய வேண்டும் என்று குமராட்சிப் பக்கம் என்னைச் சைக்கிளில் இழுத்துப் போனாய். கரை உடையாமலிருக்க ஊரே மண்மூட்டை சுமந்துகொண்டிருந்தது. நீ தாளை விரித்து உட்கார்ந்தாய்.

"ஏம்பா, நாங்க சாவறது உனக்கு வேடிக்கையா?" என்று ஒரு பெண் கத்தினாள். நான் கூசிப்போனேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை, ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

திடீரென்று எழுந்தாய். "அந்த எடத்துல சுழி வுழுது! கரைக்குள்ள தண்ணி பூருது!"

மூட்டைகள் அங்கே ஓடின. நீயும் இறங்கினாய், இடுப்பளவுத் தண்ணீரில். மேலிருந்து உன் கையை நான் பிடித்திருந்தேன். மண் சரிந்தது. உன் கால் போயிற்று. ஆறு உன்னை இழுக்க, நானும் கூடவே இழுபட்டேன்.

விட்டுவிட்டேன், மச்சான். வழுக்கவில்லை. பயந்து, விரல்களை நானே விரித்தேன்.

பக்கத்தில் நின்றவர் உன் தலைமுடியைப் பற்றித் தூக்கினார். கரை தப்பியது, ஊர் தப்பியது. கத்திய பெண் தன் முந்தானையால் உன் முகத்தைத் துடைத்தாள். விடுதிக்கு வந்ததும் எல்லாரிடமும் சொன்னாய்: "இவன் புடிக்கலன்னா நான் இல்ல." நான் தலையாட்டினேன்.

அப்போது உன் கண்ணில் மண், வாயில் தண்ணீர். உனக்குத் தெரியவில்லையா? தெரிந்தும் சொன்னாயா? ஐம்பது வருஷத்துக்கு மேல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தோம். நான் கேட்கவேயில்லை.

போன மாதம் உன் துக்கத்துக்கு வடலூர் வந்தேன். உன் மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்க கைதாண்ணே அவர எனக்குக் குடுத்துச்சு."

அப்போதும் நான் தலையாட்டினேன்.