தரையில் நிற்காத விமானங்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் எப்படி இருக்கிறது? பாராட்டு விழா மலருக்கு உங்கள் பணிக் குறிப்பை நான்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்களே, உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தெட்டு வருடம், பதினோரு பதக்கம். பயிற்சி விமானி தொடங்கி ஏர் மார்ஷல் வரை வந்தாயிற்று. தளத் தலைவராக இருந்தபோது கிடைத்த சிறந்த சேவைப் பதக்கம் எதற்கென்றுதான் தெரியவில்லை. உங்கள் மாப்பிள்ளை விமானத்தோடு விழுந்த வருடம் அது. நான் எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை.

அத்தை உங்களை விசாரித்தார்கள். மகன் போன பிறகும் சம்பந்தியை ஒருநாளும் மறந்ததில்லை.

உங்கள் மகள்

பிப்ரவரி 11

அன்புள்ள பாப்பா,

இந்த வீட்டில் என் கட்டளைக்குப் பணியாதது முழங்கால் ஒன்றுதான். பழுதென்று ஒரு விமானம்கூடத் தரையில் நிற்காமல் வருடம் முழுக்கத் தளத்தை நடத்தியதற்குக் கொடுத்த பதக்கம் அது. பாராட்டுரை உன்னிடம் உள்ள இரும்புப் பெட்டியில், அந்த வருடக் கோப்பில் இருக்கும். என் காகிதங்களில் தேதி முன்பின் ஆகியிருக்காது. சம்பந்தியம்மாவுக்கு வணக்கம் சொல்.

அப்பா

பிப்ரவரி 19

அப்பா,

பாராட்டுரை கிடைத்தது. அதற்கு முன்னால், தேதி வரிசையில், பழுதுப் பதிவேட்டிலிருந்து கிழித்த ஒரு தாளும் இருந்தது. உங்கள் மாப்பிள்ளை எழுதியிருக்கிறார்: ‘வலப்பக்கம் திரும்பும்போது கைப்பிடி இறுகுகிறது. பறக்கத் தகுதியில்லை.’ கீழே உங்கள் கையெழுத்தோடு: ‘பறக்கலாம்.’ மறுநாள் காலைதான் அவர் விழுந்தார்.

‘விமானியின் கவனக்குறைவு’ என்றது விசாரணை. முந்தின நாள் நான் போட்ட சண்டையால்தான் அவர் கவனம் சிதறியது என்று பதினேழு வருடமாக நம்பினேன். உங்கள் தோளில் சாய்ந்து அதைச் சொல்லி அழுதேன். நீங்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

கிழிக்கத் துணிந்த உங்களுக்கு எரிக்க மனம் வரவில்லை. தலைமையகத்துக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள், தவறு அவருடையது இல்லை என்று. வேறெதுவும் கேட்கவில்லை.

உங்கள் மகள்

பிப்ரவரி 26

பாப்பா,

அந்தக் காலத்தில் எல்லாத் தளங்களிலும் அப்படித்தான். மாப்பிள்ளை சமாளித்துவிடுவார் என்று நினைத்தேன். அவரைவிடக் கெட்டிக்காரர் என்னிடம் இல்லை. விழா முடியட்டும், பேசலாம். தாளைப் பதிவுத் தபாலில் அனுப்பு.

அப்பா

மார்ச் 24

ஏர் மார்ஷல் அவர்களுக்கு,

விழா முடிந்து மூன்று வாரம் ஆகிறது. நீங்கள் எழுதவில்லை. தாளை எடுத்துக்கொண்டு நானே தலைமையகத்துக்குப் போனேன்.

“கிழிச்ச தாளை வச்சு ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கையெழுத்துப் போட்டவர் ஒத்துக்கிட்டாத்தான் கோப்பையே திறப்பாங்க. அவர் உங்களுக்கு என்ன வேணும்?” என்றார் குமாஸ்தா.

“அப்பா.”

“அப்புறம் என்னம்மா, வேலை சுலபமாப் போச்சே!”

வீட்டுக்கு வந்து அந்தத் தாளை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். “இன்னொரு தடவை படி” என்றார்கள். நாலு தடவை படித்தேன்.

“அப்போ என் புள்ள தப்புப் பண்ணலையா?”

“இல்லை அத்தை.”

பிறகு, “உங்க அப்பாவுக்கு இது தெரியாதில்ல? பாவம், மனுஷன் உடைஞ்சு போயிடுவாரு. பக்குவமாச் சொல்லும்மா” என்றார்கள்.

நாலு தடவையும் நான் மேலே அவர் எழுதிய வரிகளை மட்டும்தான் படித்திருந்தேன், கீழே இருந்த உங்கள் வரியை இல்லை. “சரி அத்தை, பக்குவமாச் சொல்றேன்” என்றேன்.

சொல்லிவிட்டேன். இனி எழுதமாட்டேன்.

உங்கள் மகளேதான்