ஊற்றங்கரையில் கிழிந்த சேர்ட்

மட்டக்களப்பு

அன்பின் ஷஸ்னா,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மகளும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். அவளுக்கு இருமல் விட்டதா?

நேற்று கொக்கட்டிச்சோலைப் பக்கச் சதுப்பிலுள்ள நன்னீர் ஊற்றுக்கு, பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். கரையெல்லாம் நீர்க்கோழிகள். குனிந்து போத்தலை அமிழ்த்தப் போகையில், வழிகாட்ட வந்த கண்ணகை அக்கா சேர்ட் கொலரைப் பிடித்து என்னைப் பின்னால் இழுத்தார்.

“பொறுங்க தம்பி. தட்டிச் சொல்லாம கை வைக்கிறதா?”

தடியால் தண்ணீரில் அடித்தார். என் கை போகவிருந்த இடத்தில் ஒரு முதலை தலைதூக்கி, மெல்ல விலகியது.

“ஆள் நல்லவரு. சொல்லிப்போட்டு வந்தா வழி விடுவாரு,” என்றபடி தான் கொண்டுவந்த குடத்தை அங்கேயே அமிழ்த்தினார்.

எழுத்து கோணலாக இருந்தால் யோசிக்காதே. சேர்ட் மட்டும்தான் கிழிந்தது. மகள் என் தோளில் தூங்கும்போது நான் போட்டிருக்கும் நீலச் சேர்ட்டை அனுப்பு. கழுவ வேண்டாம்.

தபாற்கந்தோர் மூடப் போகிறது.

றிஸ்வி