ரெண்டு என்று எழுதிய நாட்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உயிரோடும் ஓரளவு உடம்போடும் இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் முகம் சுளிக்காதே, ஐந்தாம் வகுப்பு எழுத்து, அதுவும் இடது கையால் எழுதுவது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். போனில் சொன்னால் நீயும் அழுவாய் நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

போன மாதம் எலும்பு டாக்டரிடம் போனேன். படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, வலது மணிக்கட்டில் முறிந்த எலும்பு கூடி மூன்று வருஷம் ஆச்சு, வலிக்கக் காரணமே இல்லை, எல்லாம் நினைப்புதான்மா என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. என் மகள் டாக்டர் பட்டம் வாங்கின பிறகும் உட்கார்ந்து இதைத்தான் ஆராய்கிறாள், நோயை எதிர்க்கிற காவல்காரர்கள் உடம்புக்குள் இருக்கிறார்களாம், காயம் ஆறின பிறகும் வேலை முடிந்தது தெரியாமல் நரம்பைச் சீண்டிக்கொண்டே இருப்பார்களாம், எலியின் நரம்பைப் பெரிதாகக் காட்டுகிற கண்ணாடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள் என்று நீ சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். வலியோடு வலியாக அன்றைக்கு நிமிர்ந்துதான் நடந்து வந்தேன். உன் அப்பாவுக்குத்தான் கோபம். முப்பது வருஷம் கிடங்கு வாசலில் காவல் இருந்தவர் இல்லையா, காவல்காரன் சும்மா விசில் ஊதமாட்டான், உன் மகளை இன்னும் நல்லாத் தேடிப் பார்க்கச் சொல்லு என்கிறார்.

இனி சொல்லப்போவதைக் கோபப்படாமல் படி. தினமும் வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எழுதி வைக்கச் சொல்லி ஒரு நோட்டு கொடுத்துவிட்டுப் போனாயே, அதில் எல்லா நாளும் ரெண்டு, எப்போதாவது மூன்று என்று எழுதியதெல்லாம் பொய். ஏழுக்குக் கீழே இறங்கிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தையல் ஆலையில் நாள் முழுக்கக் காலர் மடித்த கை இப்போது டம்ளரைப் பிடிக்க யோசிக்கிறது. உண்மையை எழுதினால் நீ பாதியில் பெட்டியைக் கட்டிவிடுவாய் என்று பயந்தேன். அந்த ரெண்டை நம்பித்தான் இன்னும் ரெண்டு வருஷம் அங்கேயே ஆராய்ச்சி வேலை பார்க்கக் கையெழுத்துப் போடப்போகிறாய், உன் பிள்ளை சில்வண்டும் என்னிடமே இருக்கட்டும் என்று முடிவு செய்தாய். அவளுக்கு ஆறு மாதமாகத் தலை பின்னுவது தாத்தாதான், கயிறு முறுக்குகிற மாதிரி முறுக்குகிறார். போனில் அவள் அதைச் சொல்ல வாயெடுத்தபோது கண்ணால் அடக்கினது நான்.

போன திங்கட்கிழமை முதல் அவள் சத்தமே இல்லை. வாய் மூடாத பிள்ளை காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு மூலையில் படுத்திருந்தாள். காது வலிக்குதா, எவ்வளவு வலிக்குது என்று கேட்டேன். "ரெண்டுதான் பாட்டி" என்றாள். மறுநாளும் ரெண்டு, அதற்கு மறுநாளும் ரெண்டு. நான்காம் நாள் தலையணை உறையில் சீழ். சவ்வில் சின்னத் துளை, தானாக மூடிவிடும், காது நன்றாகவே கேட்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார், பயப்படாதே. மருந்து விடும்போது ஏண்டி என்கிட்ட சொல்லலை என்று கேட்டேன். "நீயும் ரெண்டுன்னுதானே எழுதுறே. பெருசா எழுதினா அம்மா வேலை போயிடும்ல" என்றாள். நான் அவளுக்கு உருப்படியாகக் கற்றுக்கொடுத்தது இதுதான் போலிருக்கிறது.

மாதக் கடைசியில் நீ கையெழுத்துப் போடு, அதில் மாற்றம் வேண்டாம். இந்தக் கைக்கு ஒரு பதில் உண்டென்றால் அது உன் மேஜையிலிருந்து வரட்டும். ஆனால் பிள்ளையை வந்து கூட்டிக்கொண்டு போ. அவள் இல்லாத வீட்டில் நானும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு கிடப்போம், கிடக்கட்டும். பொய் சொல்லவும் தெம்பு வேண்டும் மகளே, அது என்னிடம் தீர்ந்துவிட்டது.

நீயும் அவளும் ஒரே கூரையின் கீழ் நீண்ட ஆயுளோடு நிறைவாக இருங்கள். துளை மூடும்வரை காதில் தண்ணீர் படக் கூடாது, மறந்துவிடாதே. தலை சிக்கெடுக்கும்போது நுனியிலிருந்து ஆரம்பி, மேலிருந்து இழுத்தால் அவளுக்கு வலிக்கும். வலிக்கவில்லை என்றுதான் சொல்வாள், நம்பாதே.

இப்படிக்கு,
இன்றைக்கு எட்டு என்று நோட்டில் எழுதியிருக்கும்
உன் அம்மா