ஏசுகிற டொக்டரின் மத்தியான நித்திரை

இவ்வளவு காலம் வாய் மூடி இருந்தது போதும், டொக்டர். நீங்கள் இறந்த முப்பத்தோராம் நாள் நினைவுமலர் இன்று என் கைக்கு வந்தது. பளபளக்கும் அட்டையில் உங்கள் படம். கீழே, ‘கோபக்காரர், ஆனால் கைராசிக்காரர்.’

இந்த ஊர் உங்களுக்குத் தந்த சலுகை அது. ஏசுகிற டொக்டர்தான் கெட்டிக்காரன் என்று கிளினிக் வாங்கில் குந்திக் காத்திருந்தவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். என் மனைவியும் சிரித்தாள். பிரஷர் கூடிய பிள்ளைத்தாச்சி. சம்பூரிலிருந்து முதல் நாளே வந்து வார்டில் படுத்தவள். “நேரத்தோட வந்தது நல்லது” என்று நீங்களே சொன்னீர்கள்.

மறுநாள் மத்தியானம் தலையிடி என்றாள். பிறகு, “கண்ணுக்குள்ள மின்னி மின்னிப் போகுதப்பா” என்றாள். நேர்ஸ் பிரஷர் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. உங்கள் சொல் இல்லாமல் அந்த வார்டில் ஓர் ஊசியும் ஏறாது. சின்ன டொக்டர் ரெலிபோனை எடுத்தார், திரும்ப வைத்தார்.

“ஐயா சாப்பிட்டுட்டுக் கண்ணயர்ந்திருப்பார் மிஸ். போனமுறை எழுப்பினதுக்கு, போய் மாடு மேய் எண்டவர்.”

“எழுப்புங்கோ, ஏச்சை நான் வாங்கிறன்,” என்றேன்.

“உங்களுக்கென்ன அண்ணை,” என்றாள் நேர்ஸ். “நீங்கள் வீட்ட போயிடுவீங்கள். நாங்கள் அவரோடதான் மாரடிக்கவேணும். நாலு மணிக்கு வருவார்தானே.”

நாலு மணிக்கு முன்னமே வலிப்பு வந்தது. அதன் பிறகுதான் உங்களை எழுப்பினார்கள். உங்கள் கைராசி பிள்ளையைக் காப்பாற்றியது. தாய் போய்விட்டாள்.

அடுத்த நாள் விறாந்தையில், அவளின் தமையன், என் மச்சானுக்கு முன்னால் சொன்னீர்கள்: “சம்பூர்ப் பக்கத்து ஆக்கள் கடைசி நேரத்திலதானே கொண்டுவருவினம்.” சின்ன டொக்டர் நிலத்தைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தான். அன்றோடு அவன் என்னுடன் கதையில்லை.

நீங்கள் நித்திரை கொண்டதில் எனக்குக் கோபமில்லை. எழுப்ப ஒருவருக்கும் துணிவு வராதபடி அந்த வார்டை வைத்திருந்தீர்களே, அதில்தான். பிறகு பழியை என் தலையில் இறக்கினீர்களே, அதில்தான்.

அன்று பிறந்த மகள் இப்போது நிறைமாதம். அவளுக்கும் பிரஷர். வீட்டுக்கு விடாமல் அதே வார்டில் மறித்து வைத்திருக்கிறார்கள். நேற்றுப் பார்க்கப் போனபோது கேட்டாள்: “அப்பா, அம்மாவைப் பிந்தித்தானே கொண்டுவந்தனீங்கள்?”

“முதல் நாளே வந்தனாங்கள், பிள்ளை.”

நம்பினாளோ தெரியாது. பேச்சை மாற்றினாள்: “இஞ்சத்தைய பெரிய டொக்டரும் நல்லா ஏசுவாராம். மத்தியானத்தில நேர்ஸ்மார் அவருக்கு ரெலிபோன் எடுக்கவே பயப்படுகினம்.”

பெரிய டொக்டர் வந்தார். முடி நரைத்திருந்தது. அன்று ரெலிபோனை எடுத்து வைத்தவர். நீங்கள் விட்டுப்போன சொத்து அவர்தான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நான் இன்னும் சுமப்பது உங்கள் வார்டின் பயத்தைத்தான். அவருக்கு முன்னால் எனக்கும் வாய் திறக்க ஏலவில்லை. ஆகவே உங்களுக்கு எழுதிய இதை அவருக்குத் தபாலில் போடுகிறேன். பெயர் எழுதப்போவதில்லை. எந்தக் கட்டிலில் கிடப்பவள் என் மகள் என்று தெரியாமல், எல்லாக் கட்டிலுக்கும் அவர் எழும்பட்டும்.