கடைசி பெஞ்சும் கடை போர்டும்

ஜூன் 6

பாசமுள்ள பாப்பாவுக்கு,

அப்பா சொல்லச் சொல்ல, பக்கத்துத் தையல்கடை அம்மா எழுதுவது. நான் நலம். காதுதான் இன்னும் மோசம். போனில் நீ பேசினால் குக்கர் விசில் மாதிரி இருக்கிறது. கடிதமே நமக்குச் சரி.

நீ அனுப்பிய போர்டைச் செருப்புக்கடை வாசலில் மாட்டிவிட்டேன். ‘இங்கே வாங்கினால் பத்தில் ஒரு பங்கு நீங்கள் சொல்லும் சபைக்கு. அம்மாவின் நினைவாக.’ எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும், வருகிறவன் போகிறவன் எல்லாம் உரக்கப் படிப்பதால் மனப்பாடம் ஆகிவிட்டது.

நீ இருக்கும் ஊரில் சின்னக் கடைக்காரர்கள் இப்படிக் கொடுப்பதாகச் சொன்னாய். அங்கே மனிதர்கள் வேறு போல. இங்கே நம்ம பெரிய சபையில் ஞாயிற்றுக்கிழமைதோறும், எந்தக் குடும்பம் வாங்கியதில் எவ்வளவு பங்கு வந்தது என்று வாசிக்கிறார்கள். அதனால் சனிக்கிழமை வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தங்கள் பேரைக் கேட்டுக் குளிர்ந்துபோகிறார்கள். திங்கட்கிழமை ‘அளவு சரியில்லை’ என்று திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பங்கு அதற்குள் சபைக்குப் போயிருக்கும், செருப்பு என் தலையில்.

பாட்டுக் குழு அம்மா ஒரே குதிகால் செருப்பை வாரா வாரம் வாங்குகிறாள். “உன் பாதம் என்ன, சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வளருதாம்மா?” என்றேன்.

“ஆண்டவருக்குக் கொடுக்கிறதுல கணக்குப் பார்க்காதீங்க பெரியவரே.”

“சரிம்மா, அப்ப செருப்பையும் அவருக்கே கொடுத்துடு.”

முறைத்துவிட்டுப் போனாள். இதை எழுதும்போது தையல்கடை அம்மா சிரிக்கிறாள். அவளுக்கென்ன, அவள் வேறு சபை, மேட்டுச் சபைக்காரி.

இது போதாதென்று, ‘நம்ம சபைக் கடை’ என்று ஆளாளுக்கு அதிகாரம். ஒருவர் என் ஸ்டூலை இடம் மாற்றுகிறார். இன்னொருவர் சிவப்புச் செருப்பைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்காதே என்கிறார்.

போர்டைக் கழற்றிவிடட்டுமா? ‘சரி’ என்று ஒரு வார்த்தை எழுது, போதும்.

அப்பா

ஜூன் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை வாசித்து வீட்டில் எல்லோரும் சிரித்தோம். மாப்பிள்ளை உங்களுக்குக் காது மெஷின் அனுப்பட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்பீர்கள், தெரியும்.

ஆனால் போர்டைக் கழற்ற வேண்டாம் அப்பா. விற்றதைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று ஒரு தாள் எழுதி ஒட்டினால் தீர்ந்தது. அம்மா கண்ணை மூடியபோது என்னால் வர முடியவில்லை. அவர்களுக்காக நான் செய்தது என்று இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு போர்டுதான். அதையும் கழற்றச் சொல்கிறீர்கள்.

இன்னொன்று. பாட்டுக் குழு அம்மாவின் மகள் எனக்குப் போன் செய்தாள். நீங்கள் கொஞ்ச நாளாகச் சர்ச்சுக்கே வருவதில்லையாம். உங்களுக்கு முன் வரிசையில் தனி நாற்காலி போட்டுக் காத்திருக்கிறார்களாம். மரியாதை செய்கிற நேரத்தில் ஏன் அப்பா இந்த வீம்பு? அம்மா இருந்தபோதும் அவர்கள் இழுத்ததால்தான் வந்தீர்கள். இப்போது இழுக்க ஆளில்லை என்று விட்டுவிட்டீர்களா?

உங்கள் பாப்பா

ஜூலை 4

பாப்பாவுக்கு,

தாள் ஒட்டினேன். மறுநாளே கிழித்துவிட்டார்கள். அதை விடு.

வீம்பு என்று எழுதியிருக்கிறாய். தையல்கடை அம்மா அந்த வரியை முழுங்கிவிட்டுப் படித்தாள். முகத்தைப் பார்த்து, “எதையோ விட்டுட்டியேம்மா, படி” என்றேன். படித்தாள்.

கேள். உன் அம்மாவும் நானும் கடைசி பெஞ்சு. மூலையில் சுவரோரம் அவள், நடைபாதைப் பக்கம் நான். அவளுக்கு முட்டி மடங்காது, காலை நீட்டித்தான் உட்கார முடியும். யாரும் தடுக்கி விழாமல் இருக்க நான் இந்தப் பக்கம். பிரசங்கத்தில் நான் தூங்குவேன், குறட்டை வந்தால் முழங்கையால் இடிப்பாள். நீ பிறந்த வருஷம் பெஞ்சுக்கு வார்னிஷ் அடித்தார்கள். காய்வதற்குள் உட்கார்ந்துவிட்டாள். எழுந்தபோது டர்ரென்று ஒரு சத்தம். போதகரே சிரித்துவிட்டார். அவளுடைய நீல உடுப்பின் நூல் இன்னும் அந்த மரத்தில் ஒட்டியிருக்கிறது.

அவள் போன பிறகும் வாராவாரம் போனேன் பாப்பா. யாரும் இழுக்கவில்லை. அவள் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு என் பக்கம் உட்காருவேன்.

இப்போது கடை ரசீதுகளை வாங்கிப் பதிய சர்ச்சுக்குள் ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். மேசைக்கு இடம் வேண்டுமென்று கடைசி பெஞ்சைத் தூக்கிச் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் எறிந்துவிட்டார்கள். மழையில் ஊறிக் கிடக்கிறது. கேட்டால், “உங்களுக்குத்தான் முன்னால நாற்காலி இருக்கே பெரியவரே” என்கிறார் பொருளாளர். பெஞ்சையாவது கடைக்குக் கொடுங்கள், செருப்புப் போட்டுப் பார்க்கிறவர்கள் உட்காரட்டும் என்றேன். சபைச் சொத்தாம், கமிட்டி கூடி முடிவெடுக்க வேண்டுமாம்.

அவள் நினைவாக மாட்டிய போர்டு அவள் இடத்தைத் தூக்கி வெளியே போட்டுவிட்டது. போர்டு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. நீ சொல்லாமல் கழற்ற மாட்டேன்.

அப்பா

ஜூலை 18

அப்பா,

போர்டைக் கழற்றிவிடுங்கள். இன்றைக்கே.

அம்மா சுவரோரம் உட்காருவார்கள் என்பதே எனக்குத் தெரியாது. பிள்ளைகளை எல்லாம் முன்னால் பாயில் உட்கார வைப்பார்கள், திரும்பிப் பார்த்தால் தலையில் குட்டு விழும். நீங்கள் இரண்டு பேரும் பின்னால் எப்படி இருந்தீர்கள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

போதகருக்கும் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் காரமாகவே.

பாப்பா

ஆகஸ்ட் 8

பாசமுள்ள பாப்பாவுக்கு,

போர்டைக் கழற்றினேன். சனிக்கிழமை கூட்டம் போயே போய்விட்டது. பாட்டுக் குழு அம்மா பழைய செருப்பிலேயே பாடுகிறாளாம். சபைக்குக் கொடுப்பதை நிறுத்தவில்லை. உன் அம்மா செய்த மாதிரி, கைக்குட்டையில் சுருட்டிக் காணிக்கைத் தட்டில் போடுகிறேன். யாரும் வாசிக்க முடியாது.

உன் கடிதம் போதகரை நன்றாகச் சுட்டிருக்கிறது. மேசையைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, பெஞ்சை உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் பார், இவர்களுக்கு ஒரு வேலையை ஒழுங்காகச் செய்யவே வராது. மூலையில் போடாமல் கதவுப் பக்கம், அதுவும் முனை மாற்றிப் போட்டிருந்தார்கள். தடவிப் பார்த்தேன், நூல் நடைபாதைப் பக்க முனையில் இருந்தது.

நான் போனபோது பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று பார்த்தால் அவர் முடிக்கிற ஆளில்லை. நானே திருப்பி, மூலைக்குத் தள்ளினேன். பெஞ்சுக் கால் தரையில் உரசி என்ன சத்தம் போட்டதோ, எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். பிரசங்கம் நின்றது. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பொருளாளர் எழுந்து வந்தார். போதகர் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

நூல் இருக்கிற பக்கம் சுவரோரம் போனதும் நடைபாதைப் பக்கம் என் இடத்தில் உட்கார்ந்தேன். அவள் இடத்துக்கு யாரும் போகாதபடி காலை நீட்டி வழி மறித்துக்கொண்டேன்.

வழக்கம்போலத் தூங்கிவிட்டேன். கண்ணைத் திறந்தபோது சர்ச் காலி, விளக்கெல்லாம் அணைத்திருந்தது. இடித்து எழுப்ப ஆள் வேண்டும் பாப்பா. லீவு கிடைத்தால் வா.

அப்பா