எந்தப் பச்சை, அம்மா?

இன்று அப்பா கையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது, அம்மா. பழைய காரின் போல்ட்டுகளை ஊற வைத்திருந்தார். உடனே நீ வாசலில் குந்தியிருந்தது ஞாபகம் வந்தது.

அன்று இறக்கி வைத்த இன்ஜின் முழுக்கக் கரி. ஒரு இரும்புப் பட்டையைக் கழற்றியதும் அடியில் பழைய பெயிண்ட் கொஞ்சம் மிச்சமிருந்தது. நீ மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாய். அடர்பச்சை.

"இதாம்மா கலரு" என்றேன்.

"ஈரத்துல பாக்காத. காஞ்சப்புறம் தெரியறதுதான் நிஜம்."

ஒரகடத்துக் கம்பெனியில் புதுக் கார்களின் பெயிண்டைச் சரிபார்ப்பவள் நீ. காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்ததும் அது வெளிறிய சாம்பல் பச்சையாகிவிட்டது.

அப்பா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாடி, இன்ஜினுக்கு மேக்கப்பா? மூடிட்டா யாரு பாக்கப் போறா?"

"நான் பாப்பேன். மொதல்ல இன்னா கலர் இருந்துச்சோ அதான் அடிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினாய்.

நீ இறந்துபோன பிறகு மெக்கானிக் இன்ஜினைச் சுரண்டி வெறும் இரும்பாகத் தந்தார். அந்தப் பச்சையைப் பார்த்தவள் இப்போது நான் மட்டும்தான். "அம்மா சொன்ன கலரையே அடிச்சிரலாம். நீதான சொல்லணும்" என்றார் அப்பா.

படப்பை பெயிண்ட் கடைக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "பழைய பெயிண்ட்டு வெளுத்துப் போவும் பாப்பா. ஈரமாக்குனாதான் புதுசுல எப்டி இருந்துச்சுன்னு தெரியும். உங்கம்மா புது வண்டிங்களையே பாத்துகினு இருந்தவங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பள்ளி நூலகத்தில் தேடினேன். ஈரக் கல் ஏன் கருமையாகத் தெரிகிறது என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. எது அதன் சொந்த நிறம் என்று அதில் இல்லை. நீ சொன்ன இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. காய்ந்ததுதான் நிஜம் என்றால் வெளிர்பச்சை. முதலில் இருந்ததுதான் வேண்டும் என்றால் அடர்பச்சை.

கடைக்காரர் இரண்டையும் தகரத்தில் பூசிக் காட்டினார். அப்பா தகரத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார். நான் அடர்பச்சையைத் தொட்டேன்.

"அம்மா இதான் சொன்னாளா?"

"அம்மா கேட்டது இதுதாம்பா."

அப்பா அதையே வாங்கி வந்து இன்ஜினுக்கு அடித்தார். இப்போது பானெட்டைத் தூக்கும்போதெல்லாம் உன்னோடு வாதாடுகிறேன். ஒவ்வொரு முறையும் என் பக்கக் காரணங்களைச் சரியாகவே சொல்கிறேன். நீ மறுத்துப் பேசாததால், ஜெயித்தேனா என்று மட்டும் தெரியவில்லை.